அசையாத கோடு

கோரைமேட்டில் கடல் மூன்று தெருக்களை வாரிச் சுருட்டிக்கொண்டு போன பதினாறாம் நாள், நிவாரண முகாமிலேயே பெண்களை அதிகம் பயமுறுத்துகிற ஆள் தையல்நாயகிதான் என்று ஒரு இயந்திரம் கண்டுபிடித்தது.

பாலிடெக்னிக் வளாகத்தில் நூற்றிருபது குடும்பம் அடைந்து கிடந்தது. குடித்துவிட்டுக் கொடிக்கம்பத்தோடு மல்லுக்கு நிற்கிறவன், அண்ணன் மண்டையை உடைத்துவிட்டு ஜாமீனில் இருக்கிறவன், அடுத்தவன் படகு என்ஜினைக் கழற்றி விற்றவன் என்று வகைக்கொருத்தர் அங்கே உண்டு. அத்தனை பேரையும் விட்டுவிட்டு, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளையைக் கைகாட்டினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

தையல்நாயகிக்கு ஊரில் ஒரு அந்தஸ்து இருந்தது. எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள், எந்த வீட்டுப் பையன் யாருக்காகப் புதுச் சட்டை எடுத்தான் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். “யார்கிட்டயும் சொல்லிராதே” என்று ஆரம்பிப்பாள். கச்சேரிக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி அது. பொழுது சாய்வதற்குள் விஷயம் வடக்குத் தெருவைத் தாண்டியிருக்கும்.

இத்தனைக்கும் அவளுக்கு ஒரு காதுதான் வேலை செய்யும். கல்யாணமான வருஷம் கோயில் குளத்தில் முங்கினபோது இடது காதில் தண்ணீர் புகுந்து கெட்டுப்போனதாம். அப்படித்தான் அவள் சொல்வாள். யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள். ஆண்டவன் ஒன்றை அடைத்துவிட்டு அதன் வேலையையும் மற்றதன் தலையில் கட்டிவிட்டான் என்று ஊர் சிரிக்கும்.

வீடு தங்காதவள் என்றும் ஊர் சொல்லும். பத்து மணிக்குள் சமைத்து மூடிவைத்துவிட்டுத் தெருவில் இறங்கினால், ஒரு மணிக்குப் புருஷனுக்குச் சோறு போடத்தான் திரும்புவாள். புருஷன் வைத்தியலிங்கம் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளுத்த சட்டை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். சாமி பேரே ஜோடியாக அமைந்த தம்பதி. “இந்த வாயாடிக்கு இப்படி ஒரு தங்கமான மனுஷனா!” என்று ஊர் அங்கலாய்த்தது. அவர் தெருமுனையில் நின்று ஒரு இருமல் இருமினால் போதும். எப்பேர்ப்பட்ட கதையாக இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் வாயை மூட வைக்கிற சக்தி அந்த இருமலுக்கு மட்டும்தான் உண்டு என்று அதற்கும் ஊர் சிரித்தது.

அப்பேர்ப்பட்டவளை அந்தப் புதன்கிழமை காலை, தொண்டு நிறுவனத்துப் பெண் ஜெனிட்டா தனியாகக் கூப்பிட்டனுப்பினாள். தூத்துக்குடிக்காரி. இருபத்தாறு வயது. வாய் மூடியிருந்தாலும் சிரிக்கிற மாதிரி ஒரு முகம். முகாமில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏதாவது கொடுமை நடந்தால் கவனிக்க வேண்டியது அவள் பொறுப்பு. யாரைப் பற்றியோ தன்னிடம் விசாரிக்கப் போகிறார்கள் என்று தையல்நாயகி முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

“என்னம்மா, யார் மேல புகாரு? தயங்காமச் சொல்லு.”

“உங்க மேலதான்ம்மா.”

தையல்நாயகி வலது காதை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். சரியாகத்தான் விழுந்திருந்தது.

ஜெனிட்டா அவள் மணிக்கட்டில் இருந்த சாம்பல் நிற வளையத்தைத் தொட்டுக் காட்டினாள். முகாமுக்கு வந்த அன்றே ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் எண் போட்டு மாட்டிவிட்டது. தையல்நாயகிக்கு இருநூற்றுப் பதினாலு.

“சோறு வாங்குறப்ப காட்டுறதுக்குத்தானே இது?”

“அதுக்கும்தான். ஆனா நாடி, மூச்சு, தோல்ல வர்ற வேர்வை எல்லாத்தையும் இது பாத்துக்கிட்டே இருக்கும். ஒருத்தங்க பயந்தா உடம்பு மாறும்லா? அப்ப பக்கத்துல எந்த வளையம் இருந்துச்சுன்னும் குறிச்சுக்கும். புயலு, சண்டைன்னு ஜனங்க இப்படி அடைஞ்சு கிடக்கும்போது பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும்தான்மா அடி விழும். வாயத் தொறந்து சொல்லவே மாட்டாங்க. அதனால வாயக் கேக்காம உடம்பக் கேக்கலாம்னு செஞ்சது இது. உங்ககிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கினோமே?”

“ஈரச் சேலையோட நடுங்கிக்கிட்டு நிக்கறப்ப நீ எத நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்போம். சரி, மேல சொல்லு.”

“பதினோரு பேருக்கு, நீங்க கிட்ட வந்தாலே நாடி எகிறுது. வேற யாருக்கும் இத்தனை வரல.”

“நானா? யாரையாவது கைநீட்டி அடிச்சிருக்கேனா? ஒரு கொசுவை அடிச்சிருப்பேனா?”

“கையா, வாயான்னு இதுக்குத் தெரியாதும்மா. பயம்னு மட்டும்தான் தெரியும்.”

“யாரு அந்தப் பதினோரு பேரு?”

“பேரு எனக்கே வராது. எண் மட்டும்தான். அதையும் சொல்லக் கூடாது.” சொல்லும்போதே அவள் கண் மேசைமேல் இருந்த டேப்லட்டுக்குப் போய் வந்தது. தையல்நாயகிக்கு அது போதாதா? தலைகீழாக இருந்த திரையை ஒரு நொடியில் படித்துவிட்டாள்.

“நூத்தி அறுபத்தெட்டா? நம்ம அரசியில்ல அது! அதுக்கு அடுத்தது அவ மக.”

ஜெனிட்டா பதறிப்போய்த் திரையைக் கவிழ்த்தாள். பேரை மறைக்கக் கோடிக்கணக்கில் செலவழித்துப் பூட்டு போட்டவர்கள், சோற்று வரிசையில் நின்றே முகாமின் நானூறு எண்களையும் மனப்பாடம் செய்த ஒருத்தி கோரைமேட்டில் இருப்பாள் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பாவம்.

வெளியே வந்தபோது தையல்நாயகிக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அரசிக்கு என்னைக் கண்டால் பயமா? அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். மங்கையர்க்கரசி என்ற முழுப் பேரை அரசி என்று சுருக்கினதே நான்தானே? பிள்ளைப்பேற்றுக்கு இஞ்சி மருந்து கிளறிக் கொடுத்தவள் யார்?

அரசி தண்ணீர்த் தொட்டியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் மகள் மகிழினி, எட்டு வயசு, ஈர மணலில் கால் பதித்துப் பதித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. தையல்நாயகியின் நிழல் விழுந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அரசியின் கை தானாக முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடியது. இத்தனை வருஷமாக அதை மரியாதை என்றல்லவா தையல்நாயகி நினைத்துக்கொண்டிருந்தாள்!

“ஏன்டி, என்னப் பாத்தா ஒனக்குப் பயமா?”

குடம் நிரம்பி வழிந்தது.

“கேக்கறேன்ல? சொல்லுடி. நான் ஒன்னைய என்ன செஞ்சேன்?”

“நீங்க பாத்துருவீங்க அத்தை,” என்றாள் அரசி மெதுவாக. “ஒங்க கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது. பாத்தா பத்துப் பேரு நடுவுல கேப்பீங்க. அது அவரு காதுக்குப் போவும்.”

“எவரு? கபிலனா?”

கபிலன் அவள் புருஷன். படகு என்ஜின் மெக்கானிக். முகாமில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் ஓடிவந்து சரிசெய்கிறவன், அதனால் எல்லாருக்கும் நல்லபிள்ளை.

அரசி இடது கையை நீட்டினாள். மோதிர விரல் நடுக்கணுவில் பக்கவாட்டில் மடங்கி, வேறு யாரோ ஒட்டவைத்த விரல் மாதிரி இருந்தது.

“போன தையில மீன் ஏலத்துல வச்சு, ‘அரசிக்கு மறுபடியும் பாத்ரூம்ல வழுக்கிருச்சாம், அந்த வீட்டுல சோப்பு ரொம்ப மலிவு போல’ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. அவரும் அங்கதான் நின்னாரு. அவரும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு, ‘ஊரு சிரிக்கிற மாதிரி வச்சுட்டியேடி’ன்னு…”

மகிழினி மணலில் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தன் விரல்களைப் பொத்திக்கொண்டது.

தையல்நாயகிக்கு அந்த ஏலக் களம் அப்படியே கண்முன் வந்து நின்றது. அவள் சொன்னவற்றிலேயே நன்றாக எடுபட்ட வேடிக்கை அது. ஒரு வாரம் ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தானும் நாலு இடத்தில் திருப்பிச் சொன்னாளே! ஒரு சிரிப்புக்கு ஒரு விரல்.

“இப்பக் கழுத்துல என்ன?”

“ஒண்ணுமில்ல அத்தை. வழுக்கி…”

“எங்கடி வழுக்குது இங்க? கூடம் முச்சூடும் தென்னங்கீத்துப் பாய். குளிக்கிற எடத்துல மணலு. எங்க வழுக்குது?”

அரசி அழவில்லை. “வெள்ளிக்கிழமை ஷீட்டுல கட்டின கேபின் குடுக்கறாங்களாம். குடும்பத்துக்கு ஒண்ணு. இப்பவாவது பொம்பளைங்க கூடத்துல படுத்துக்கறோம். சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் அவரு கையில ஆப்புடுவோம். பதினாறு நாளு நல்லாத் தூங்கினேன் அத்தை. ஊரே முழுகிப் போச்சு, நான் நல்லாத் தூங்கினேன். நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.” குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

தையல்நாயகி வந்த வழியே திரும்பி ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். முழங்கால் வலி எங்கே போனதோ.

“ஒம் மெஷினு ஒரு மண்ணாங்கட்டி,” என்றாள் ஜெனிட்டாவிடம், மூச்சு வாங்க. “என்னையப் புடிச்சுது, சரி. ஒத்துக்கறேன். அந்தக் கபிலனை ஏன் புடிக்கல?”

“யாருன்னு நான் சொல்ல முடியாது…”

“நான் சொல்றேன். அவன் எண்ணு நூத்தி அறுபத்தேழு. போட்டுப் பாரு.”

ஜெனிட்டா தயங்கினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து டேப்லட்டைத் தட்டினாள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடியது. சாப்பாட்டு நேரம் வந்த இடத்தில் மட்டும் அது தணிந்து, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

“பாருங்கம்மா. அவர் கிட்ட வந்தா இவங்க எவ்வளவு அமைதி! பச்சைன்னா நிம்மதி. பயம்னா இது குதிக்கும். இவங்களுக்குத்தான் முதல்ல கேபின்னு முடிவாகியிருக்கு.”

தையல்நாயகி அந்தக் கோட்டையே பார்த்தாள். அது என்ன என்று யாரும் சொல்லித்தராமலே அவளுக்குத் தெரிந்தது.

“இது நிம்மதி இல்ல, பொண்ணே. பூனை வந்தா அணிலு என்ன செய்யும், பாத்திருக்கியா? தூரத்துல வந்தா கத்தும், ஓடும். தலைக்கு மேலயே வந்து நின்னுடுச்சுன்னு வையி, அப்படியே மரத்தோட ஒட்டிக்கும். வாலு ஆடாது. மூச்சு வெளிய தெரியாது. இல்லாத மாதிரி ஆயிக்கும். ஓடத் தோணும்போதுதான் பயம் குதிக்கும். ஓட எடமே இல்லைன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சு போச்சுன்னா குதிச்சு என்ன பிரயோசனம்?”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் தையல்நாயகி. “நம்மூர்ல இதுக்கு அடக்கமான பொண்ணுன்னு பேரு. மெஷினு செஞ்சவங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.”

ஜெனிட்டா நூற்றி அறுபத்தொன்பதைத் தட்டினாள். மகிழினியின் கோடு பொழுதெல்லாம் வெட்டுக்கிளி மாதிரி துள்ளியது. சாப்பாட்டு நேரத்தில் அதுவும் நேரானது. அம்மாவின் கோட்டுக்குப் பக்கத்தில், அதே மாதிரி, அதே பச்சை.

ஜெனிட்டாவின் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“எட்டு வயசுப் பிள்ளைக்கு…” என்றாள். “தூங்கும்போது கூட இப்படி நேராப் போகாதும்மா. இதுக்கு நான்தான் ‘நன்றாக இருக்கிறாள்’னு எழுதினேன். தினமும் எழுதினேன். பதினாறு நாளு.”

தையல்நாயகி பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து நீட்டினாள். யாருக்கு ஆறுதல் சொல்ல யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க அப்போது அங்கே ஆள் இல்லாமல் போனது நல்லதுதான்.

“அரசியை இப்பவே கூப்பிட்டுப் பேசுறேன்,” என்று ஜெனிட்டா எழுந்தாள்.

“உக்காரு. அவள மட்டும் தனியாக் கூப்பிட்டா, அவ வாயால சொன்னான்னு அவனுக்குத் தெரிஞ்சு போவும். மிச்சம் ஒம்பது விரலு இருக்கு அவளுக்கு.”

ஜெனிட்டா உட்கார்ந்து யோசித்தாள். “அப்ப இயந்திரத்துக்கிட்டயே வேற மாதிரி கேக்கணும். யாருக்குக் கோடு குதிக்குதுன்னு கேக்காம, ஒரே ஒரு ஆள் கிட்ட வந்தா மட்டும் எந்தப் பொம்பளைக்குக் கோடு செத்துப் போகுதுன்னு கேக்கணும். ரெண்டு மூணு பேரு வரலாம். எல்லாரோட கேபினையும் சேத்து நிறுத்திட்டா ஒருத்தர் மேல சந்தேகம் வராது. அப்புறம் மருத்துவப் பரிசோதனைன்னு ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுப் பேசலாம்.”

எதையோ தட்டிவிட்டுக் காத்திருந்தாள். திரையில் வெள்ளை வட்டம் ஒன்று சுற்றியது. நின்றது.

பத்தொன்பது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகாமில் கல்யாணமான பெண்கள் மொத்தமே நூறு பேர் இருப்பார்கள். அந்தப் பத்தொன்பது பேருக்கும் இயந்திரம் பச்சைப் புள்ளி வைத்திருந்தது. அதில் பன்னிரண்டு பேருக்கு முதல் வரிசையிலேயே கேபின்.

“கடவுளே,” என்றாள் ஜெனிட்டா. “இத்தனை பேரு கேபினையும் நிறுத்தினா, ஆம்பளைங்க வந்து நின்னு கேப்பாங்களே. என்னம்மா சொல்றது?”

இதற்கெல்லாம் தையல்நாயகியிடமா யோசனைக்குப் பஞ்சம்?

“நீ ஒண்ணும் சொல்லாத. அதை எங்கிட்ட விடு. அந்தக் கேபினு ஷீட்டுல ஏதோ நெடி அடிக்குது, அதுல படுத்தா ஆம்பளைங்களுக்குத்தான் சேதாரம், இன்ன சேதாரம்னு பொம்பள வாயால சொல்ல முடியாது, ஆனா பக்கத்து முகாம்ல ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னு தண்ணிக் குழாய்க்கிட்ட ஒரே ஒருத்திகிட்ட சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதேன்னு சொல்லித்தான் சொல்வேன். நாளைக்குக் காலையில பாரு, குடும்பத்தோட கேபின் வேணாம்னு ஆம்பளைங்களே வந்து ஒங்கிட்ட எழுதிக் குடுப்பாங்க.”

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. “சரி, எந்தெந்தக் கேபினை நிறுத்தணும்னு குறிச்சுக்குவோம். ரகசியம்லாம் இனிமே என்ன இருக்கு, உங்களுக்குத் தெரியாததா?” என்று எண்களை வாசிக்க ஆரம்பித்தாள்.

“பதினெட்டு.”

போஸ்ட்மேன் வீட்டுக்காரி, என்று தையல்நாயகி மனசுக்குள் பேர் போட்டுக்கொண்டாள்.

“நாற்பத்தி மூணு. ஐம்பத்தி ஏழு.”

கோயில் குருக்கள் சம்சாரம். இங்கிலீஷ் டீச்சர். டீச்சருமா? ஒவ்வொரு எண்ணும் நெஞ்சில் ஒரு குத்து குத்திவிட்டுப் போனது. இவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாளே! வேறு எதையெல்லாமோ பார்த்தாளே!

“நூத்தி அறுபத்தெட்டு. நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு…”

ஜெனிட்டா நின்றுவிட்டாள்.

“ம். சொல்லு. அடுத்தது?”

ஜெனிட்டா டேப்லட்டைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். சாய்த்துக்கொண்டால் விட்டுவிடுகிறவளா? தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். எத்தனையோ வீட்டு ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்த்த அதே கழுத்துதான். இந்த ஜன்னலுக்குள் தெரிந்தது அவள் வீடு.

இருநூற்றுப் பதினாலு. பக்கத்தில் இருநூற்றுப் பதின்மூன்று.

நேற்று அவள் கோடு காலையிலிருந்து குழாயடியிலும் சோற்று வரிசையிலும் கும்மியடித்துக்கொண்டு வந்தது. ஒரு மணிக்கு, வைத்தியலிங்கத்துக்குத் தட்டு வைக்கிற இடத்தில், பொத்தென்று விழுந்து நீட்டிப் படுத்துவிட்டது. முந்தாநாளும் ஒரு மணிக்கு. அதற்கு முந்தின நாளும். முகாமுக்கு வந்த நாளிலிருந்தே.

“இது தப்பு,” என்றாள் தையல்நாயகி. “இது தப்பும்மா. அவரு என்னைய ஒண்ணும் செய்ய மாட்டாரு. ஊருல யாரை வேணாக் கேளு. தட்டை ஒரு விரலால தள்ளி வைப்பாரு, அவ்வளவுதான். கை வச்சு இருபத்தெட்டு வருஷம் இருக்கும்.”

“இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால?”

அவள் கை தானாக எழுந்து இடது காதை மூடியது. கல்யாணமான வருஷம். கோயில் குளத்தில் அவ்வளவு தண்ணீர் அந்த வருஷம் இருந்ததா என்று ஒருத்தராவது கேட்டார்களா? மழையே இல்லாத வருஷம் அது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷம்.

கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. மணி ஒன்று.

தான் எழுந்து நின்றுவிட்டதே தையல்நாயகிக்கு ஜெனிட்டாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திரையில் அந்த நிமிஷத்துக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தணிந்தது, இன்னும் தணிந்தது, நேரானது. இயந்திரம் அக்கறையாக ஒரு பச்சைப் புள்ளி வைத்தது.

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பொம்பளைங்க கூடத்துல,” என்றாள், “அரசிக்குப் பக்கத்துப் பாய் இருக்குல்ல. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதை எனக்குப் போடு.”

வெளியே இன்னொரு இருமல், கொஞ்சம் அழுத்தமாக. தையல்நாயகி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. திரையில் கோடு ஒரு துடி துடித்தது, பிறகு தாறுமாறாக எகிறியது. பச்சைப் புள்ளி மஞ்சளானது.

ஜெனிட்டா வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

“யார்கிட்டயும் சொல்லிராதேம்மா.”